இடது கையை மூடியிருக்கும் பையன்

கால்டர்பெக், யார்க்ஷயர்
12 மார்ச் 1989

அன்புள்ள கிளிஃப் அண்ணனுக்கு,

நீயும் நோரீனும் நலம்தானே? உன் முழங்கால் வலி தேவலையா? இங்கே ஸ்டானுக்கு இருமல், எனக்கு ஸ்டானின் இருமல். மற்றபடி சௌக்கியம்.

ஒரு விஷயம் எழுதுகிறேன், சிரிக்காதே. போன வியாழக்கிழமை தேவாலயத்துப் பெண்களோடு கிராப்ட்ரீ மாளிகைக்குப் போனேன். அம்மா சலவை வேலைக்குப் போன அதே மாளிகைதான். நகராட்சி அதை அருங்காட்சியகம் ஆக்கி வருஷக்கணக்காகிறது. அம்மா இருந்தவரை நம்மை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூட விட்டதில்லை. நானும் பழக்கதோஷத்தில் போகாமலே இருந்துவிட்டேன். அன்று நல்ல மழை, ஒதுங்க வேறு இடமில்லை.

கீழே சாப்பாட்டு மேசையில் மெழுகில் செய்த பன்றித்தொடை, மெழுகு ஆப்பிள். எல்லாவற்றுக்கும் முன்னால் கயிறு. அம்மா தேய்த்து மடித்த மேசைத்துணியாகத்தான் இருக்கும், அதைத் தொடக்கூடாதாம். மாடியில் குழந்தைகள் அறை. சின்னக் கட்டில், மரக்குதிரை, கண்ணாடிப் பெட்டிக்குள் மாலுமி உடுப்பு ஒன்று. சுவரில் அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒரு பையனின் பழுப்புப் படம். இடது கையை இறுக்கி மூடியிருக்கிறான். வழிகாட்டி அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இவன்தான் ஆர்தர், கிராப்ட்ரீ துரையோட ஒரே பிள்ளை. விக்டோரியா ராணி காலத்துல, ஏழு வயசுல காய்ச்சல்ல போயிட்டான். கைக்குள்ள அவன் அம்மா குடுத்த சிலுவை இருக்காம்."

எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள். எனக்குக் குடை கையிலிருந்து விழுந்துவிட்டது. அண்ணா, அது நம் வீட்டு மூஞ்சி!

நீயும் நம் சின்ன அண்ணன் டெனிஸும் ஒரே அச்சு என்று அம்மா ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். ஏழு வயதில் டெனிஸ் செத்துப்போனதும் தொற்று பயத்தில் அவன் பொம்மை, படுக்கை, படம் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டாள். நான் அத்தை வீட்டிலிருந்து திரும்பியபோது அவன் கட்டில்கூட இல்லை. என்னை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடுவான் அல்லவா, அதனால் எனக்கு ஞாபகம் இருப்பது அவன் பிடரி மட்டும்தான். முகத்தை நினைத்துப் பார்த்தால் ஒன்றுமே வருவதில்லை. ஐந்து வயதில் எதைப் பார்த்தேன்?

ராணி காலத்துப் பையனுக்கு எப்படி நம் மூஞ்சி வரும்? எனக்குத் தலை சுற்றுகிறது. உனக்கு ஏதாவது தெரியுமா?

அன்புடன்,
வின்னி


ஹூவான்வில், டாஸ்மேனியா
14 ஏப்ரல் 1989

அன்புள்ள வின்னி,

உன் கடிதம் வந்தது. ஸ்டானுக்குக் கறுப்புத் திராட்சைச் சாறு சூடாகக் கொடு. நோரீன் நலம். முழங்கால் அப்படியேதான். ஆப்பிள் பறிப்பு மும்முரமாக நடக்கிறது. ஏணியில் ஏற இப்போது ஆள் வைத்திருக்கிறேன்.

மழை பிந்தியதால் இந்த வருஷம் பழம் சிறுத்துவிட்டது. ஆனால் நிறம் நன்றாக இருக்கிறது.

மாலுமி உடுப்பு போட்டால் எல்லாப் பையன்களும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். உன் கண்ணைக் காட்டிக்கொண்டு வா.

உன் அண்ணன்,
கிளிஃப்


கால்டர்பெக்
27 ஏப்ரல் 1989

அன்புள்ள அண்ணா,

நலம், நலமறிய ஆவல். கண்ணைக் காட்டினேன். நன்றாகத் தெரிகிறதாம். இப்போது என்ன சொல்கிறாய்?

ஆப்பிளைப் பற்றி எழுதக் கை வருகிறது, நான் கேட்டதற்கு மட்டும் வரவில்லை.

மறுபடியும் மாளிகைக்குப் போனேன், இந்தத் தடவை ஸ்டானை இழுத்துக்கொண்டு. அவர் படத்தைப் பார்த்தார், உடுப்பைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"வின்னி, இது ராணி காலமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் சின்னப்பையனா இருந்தப்போ, ஈஸ்டருக்கு அப்புறம் வர்ற விட்சன் பண்டிகைக்கு ஊர்வலம் விட்டாங்களே, அது. ஊரே பழைய காலத்து வேஷம் போட்டுக்கிட்டுப் போச்சு. நான் மூக்கு ஒழுகிக்கிட்டுக் கொடி பிடிச்சேன். மாளிகை அம்மா பழைய டிரங்குப் பெட்டியத் தொறந்து நெஜ உடுப்பையே குடுத்தாங்க."

"யாருக்குக் குடுத்தாங்க?"

"ஒங்க டெனிஸுக்குத்தான். சலவைக்காரம்மா பையன்னு அவனத்தான் ஆர்தரா நடிக்கப் பொறுக்கி எடுத்தாங்க. தெருவுக்கே தெரியும்."

அந்த மரக்குதிரையில் உட்கார்ந்துவிடத்தான் பார்த்தேன், கயிறு தடுத்தது. அதாவது உடுப்பு ஆர்தருடையது, பையன் அவன் இல்லை. படம் பிடித்தவர் ஒரு பிரதியை மாளிகை அம்மாவிடம் கொடுத்திருப்பார். அவர் அதை உடுப்போடு பெட்டியில் போட்டு மூடியிருப்பார். பின்னால் வந்தவர்கள் பெட்டியைத் திறந்தார்கள். உடுப்பின் காலரில் ஆர்தர் என்று பெயர் தைத்திருக்கிறது, படத்திலும் அதே உடுப்பு. வேறென்ன நினைப்பார்கள், பாவம்!

அப்படியானால் அது டெனிஸ். உலகத்திலேயே அவனுக்கு இருக்கிற ஒரே படம். நீ அப்போது ஒன்பது வயதுப் பையன், உனக்குத் தெரியாமல் இருக்காது. அது டெனிஸ்தானா? ஆமாம் அல்லது இல்லை, ஒரு வார்த்தை எழுது.

உன் பதிலுக்காகத் தபால்காரரைக் கடிக்கக் காத்திருக்கும்,
வின்னி


ஹூவான்வில்
26 ஜூன் 1989

அன்புள்ள வின்னி,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள். இங்கே குளிர். நலமாக இருக்கிறோம்.

ஆமாம், டெனிஸ்தான்.

கிளிஃப்


கால்டர்பெக்
9 ஜூலை 1989

என் அருமை அண்ணா,

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் முழங்கால், உன் மரங்கள், உன் நோரீன் எல்லாமே நன்றாக இருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு மாதம் காக்கவைத்தாலும் பரவாயில்லை.

இப்போது வியாழக்கிழமைதோறும் போகிறேன். வாசலில் நுழைவுச்சீட்டுகூடக் கேட்பதில்லை. பொறுப்பாளர் மிஸ் ஆம்ப்ளர் என்னைப் பழைய வீடுகளில் ஈடுபாடுள்ளவள் என்று நினைத்துத் தேநீர் கொடுக்கிறார். நான் படத்துக்கு எதிரே நின்று முகத்தை மனப்பாடம் செய்கிறேன். இரவு படுத்ததும் கண்ணை மூடினால் இப்போது முகம் வருகிறது. அழுகையும் கூடவே வருகிறது. ஸ்டான் தலையணையைத் திருப்பிப் போட்டுத் தருகிறார்.

ஆனால் ஒரு குழப்பம். எங்கிருந்தோ வருகிறவர்கள் படத்தின் கீழே பொம்மை வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒருத்தி தன் பிள்ளையின் தகரக் காரை வைத்தாள். எல்லாரும் அழுவது ஆர்தருக்கு. என் டெனிஸுக்கு, சலவைக்காரி பிள்ளைக்கு, அந்த நாளில் யார் அழுதார்கள்? பொம்மையைக் கொளுத்தினார்கள். இப்போது துரை வீட்டுப் பெயரை ஒட்டிக்கொண்டு நின்றால் மட்டும் ஊரே உருகுகிறது. பார்த்தால் சந்தோஷமாகவும் இருக்கிறது, பற்றிக்கொண்டும் வருகிறது.

மிஸ் ஆம்ப்ளரிடம் உண்மையைச் சொல்லலாமா? சொன்னால், அந்தக் காலத்துப் படம் இல்லை என்று கழற்றி ஏதாவது அலமாரியில் போட்டுவிடுவார்களோ? சொல்லாவிட்டால் டெனிஸ் என்றைக்கும் ஆர்தர்தான். நீ பெரியவன், நீ சொல்.

அன்பில் நனைந்த,
வின்னி


ஹூவான்வில்
30 ஜூலை 1989

அன்புள்ள வின்னி,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன். இந்த முறை உடனே பதில் போடுகிறேன் பார்.

சொல்லாதே. யாரிடமும் எதையும் சொல்லாதே. படம் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். நீ போய்ப் பார்த்துக்கொள், அது போதும். கிளறினால் நல்லது எதுவும் வராது. அந்த உடுப்புப் பெட்டிப் பக்கம் போகவே வேண்டாம்.

ஸ்டானைக் கேட்டதாகச் சொல்.

கிளிஃப்


கால்டர்பெக்
24 ஆகஸ்ட் 1989

அண்ணா,

எல்லாரும் நலம். இருமலும் நின்றுவிட்டது. அந்த விசாரிப்பு இத்துடன் முடிந்தது.

உடுப்புப் பக்கம் போகாதே என்று நீ ஏன் எழுதினாய்? நீ எழுதியிராவிட்டால் நான் போயிருக்கவே மாட்டேன். மறைக்கவும் தெரியாதவனை என்னவென்று சொல்வது?

மிஸ் ஆம்ப்ளரிடம் சொல்லிவிட்டேன். முதலில் கோபித்தார், பிறகு நம்பவில்லை, பிறகு நாற்காலியைத் தேடினார்.

"அப்போ ஆர்தருக்கு முகமே இல்லையா, மிஸஸ் ஹாலம்?" என்று கேட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "பதினோரு வருஷமா நான் தெனமும் காலையில அவனுக்குக் குட்மார்னிங் சொல்றேன்."

"எங்க டெனிஸுக்குத்தான் சொல்லியிருக்கீங்க. வீணாப் போகல," என்றேன்.

ஒரு நிச்சயம் வேண்டுமே என்று வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தார். கால்சட்டையின் விளிம்பைத் திருப்பினார். அங்கே சிவப்பு நூல்! மாளிகைத் துணிகளுக்குக் குறிபோடுகிற சிவப்பு நூல் அம்மாவின் ஊசியில் எப்போதும் கோத்தே இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? நம் சட்டைப் பொத்தான் எல்லாம் அதில்தான் தைப்பாள். பள்ளிக்கூடத்தில் என்னைச் சிவப்புப் பொத்தான் என்றே கூப்பிட்டார்கள். நீலத் துணியில் அம்மாவின் அதே அவசரத் தையல். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

அழுதுகொண்டே பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. உயரமாக மடித்துத் தைத்ததற்கு ஓர் ஊசித்தடம் இருக்கிறது. அதைப் பிரித்து, இருக்கிற துணி முழுவதையும் இறக்கி, மறுபடி தைத்திருக்கிறாள். மகன் இன்னும் வளர்வான் என்று ஆர்தரின் தாய் இறக்கியது என்றுதான் மிஸ் ஆம்ப்ளர் இத்தனை நாளும் வருகிறவர்களிடம் சொல்லி அழவைத்திருக்கிறார். அது கிடக்கட்டும். அத்தனை துணியை இறக்கியும் படத்தில் அந்தப் பையனுக்கு முழங்கால் தெரிகிறது. டெனிஸைத் தெருவில் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவார்கள் என்கிறார் ஸ்டான். சுண்டெலிக்கு அந்த உடுப்பு கணுக்கால் வரை தொங்கியிருக்கும்.

முதலில் சின்னவனுக்கு மடித்தாள். பிறகு பெரியவனுக்குப் பிரித்தாள். நெட்டைக்காலன் நம் வீட்டில் யார்?

நீதானே அது?

செத்தவனுக்கு அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, கோடை முழுவதும், உயிரோடு ஆப்பிள் பறித்துக்கொண்டிருக்கிற உனக்கு ஒப்பாரி வைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்து வைத்த முகமும் உன்னுடையது. இப்போது கண்ணை மூடினால் யார் வருகிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை. டெனிஸா, நீயா, ஆர்தரா? ஒரு முகத்தை வைத்துக்கொண்டு மூன்று பையன்கள் என்னைச் சுற்றி ஓடுகிறார்கள்.

ஏன் பொய் சொன்னாய்?

வின்னி


கால்டர்பெக்
3 அக்டோபர் 1989

அன்புள்ள அண்ணா,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நோரீனையாவது இரண்டு வரி எழுதச் சொல்.

கடிதத்தில் கத்திவிட்டேன். கத்தியதற்கு வருத்தம், கேட்டதற்கு இல்லை.

படத்தின் கீழிருந்த பெயர் அட்டையை மிஸ் ஆம்ப்ளர் எடுத்துவிட்டார். பையன் பெயரில்லாமல் தொங்குகிறான். யார் என்று கேட்கிறவர்களிடம், "விசாரிச்சுக்கிட்டு இருக்கோம்," என்கிறார். பெயர் இல்லாததால் இப்போது யாரும் அழுவதில்லை. பொம்மையும் வருவதில்லை. எனக்கு மட்டும் வியாழக்கிழமையானால் கால் தானாக அங்கே போகிறது. யாரைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் தெரியவில்லை.

எதையாவது எழுது. ஆப்பிளைப் பற்றியாவது எழுது.

வின்னி


ஹூவான்வில்
22 அக்டோபர் 1989

அன்புத் தங்கை வின்னிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. தோட்டத்தில் பூ விட்டிருக்கிறது. நாலைந்து கடிதம் எழுதிக் கிழித்தேன். இதை நோரீன் என் கையிலிருந்து பிடுங்கித் தபாலில் போடப்போவதாக மிரட்டியிருக்கிறாள்.

அது நான்தான்.

ஊர்வலத்தன்று காலையில் டெனிஸுக்குத் தலைவலி, காய்ச்சல். வெளிச்சம் கண்ணில் பட்டால் கத்தினான். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மாளிகைக்காரர்களிடம் வாக்குக் கொடுத்தாயிற்று, ஆர்தர் இல்லாமல் ஊர்வலம் இல்லை என்று அம்மா பதறினாள். "நீ போடா கிளிஃப், மூஞ்சி ஒண்ணுதானே, எவனுக்குத் தெரியப்போவுது," என்று மடிப்பைப் பிரித்து எனக்கு மாட்டிவிட்டாள்.

டெனிஸுக்கு அழுகை. எத்தனை நாளாக ஆசைப்பட்டு வைத்திருந்தான்! அன்று காலையில்தான் அவனுக்கு முன்பல் விழுந்திருந்தது. அதை ஒரு மிட்டாய்த்தாளில் சுருட்டி என் கையில் வைத்தான். "நீ போனா என் பல்லும் வரட்டும்டா. தொலைச்சே, ஒதைப்பேன்," என்றான். அவன் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

படம் பிடிக்கிறவர் கையைத் திற, கையைத் திற என்று கத்தினார். நான் திறக்கவில்லை. சிலுவையும் இல்லை, ஒன்றும் இல்லை. உள்ளே டெனிஸின் பல் இருந்தது.

பிறகு கொடிக்கயிற்றைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. இடது கைப்பட்டையின் மடிப்பில் தையல் கொஞ்சம் விட்டிருந்தது, அதற்குள் பல்லைத் தள்ளிவிட்டேன். வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஆம்புலன்ஸ். அம்மா உடுப்பை என் உடம்பிலிருந்து உருவிப் போட்டுவிட்டு வண்டியில் ஏறினாள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். மறுநாள் உடுப்பு மாளிகைக்குத் திரும்பிப் போய்விட்டது, அதற்கு மறுநாள் டெனிஸ் இல்லை. பல்லைப் பற்றி யாரிடம் கேட்பேன்?

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்டாய். எனக்கும் அவன் முகம் ஞாபகமில்லை, வின்னி. நினைக்கப் போனால் என் முகம்தான் வந்து நிற்கிறது. காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் அவனைத் தேடியிருக்கிறேன். அவனுக்கு இருக்கிற ஒரே படம் என்று நீ எழுதியபோது, நம் இரண்டு பேரில் உனக்காவது அவன் கிடைக்கட்டும் என்று தோன்றியது; அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

இடது கைப்பட்டை. இருக்காது, இத்தனை வருஷத்தில் எத்தனை முறை துவைத்தார்களோ. இருந்தாலும் பார்.

உன் அண்ணன்,
கிளிஃப்


கால்டர்பெக்
16 நவம்பர் 1989

என் கிளிஃப் அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமையில்லை. நலமாகவே இரு.

இன்று வியாழக்கிழமை. உன் கடிதத்தை மிஸ் ஆம்ப்ளரிடம் அப்படியே கொடுத்தேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். வாசலில் மூடியிருக்கிறது என்ற பலகையை மாட்டிவிட்டு, பெட்டியைத் திறந்தார்.

"தொவைச்சா பழைய துணி கிழிஞ்சிரும்னு யாரும் இதத் தண்ணியில போட்டதே இல்ல, மிஸஸ் ஹாலம். பிரஷ் பண்றதோட சரி," என்றார்.

வலது கைப்பட்டையில் ஒன்றும் இல்லை. இடதில், தையல் விட்ட இடத்தில் இடுக்கியை விட்டார். முதலில் பஞ்சுதான் வந்தது. பிறகு சுருட்டிய காகிதத் துண்டு. அதைப் பிரித்து என் உள்ளங்கையில் கொட்டினார். அரிசி அளவுக்கு இருந்தது, அண்ணா. முனையில் கொஞ்சம் பழுப்பு.

மிஸ் ஆம்ப்ளர் பழக்கத்தை விடவில்லை. "ஒருவேளை ஆர்தரோடதா இருக்குமோ? அவனுக்கும் ஏழு வயசுதானே?" என்றார்.

"தாளைப் பாருங்க. நம்ம கடைத்தெரு மிட்டாய். ராணி காலத்துல இது ஏது?" என்றேன்.

கண்டெடுத்த எதுவும் மாளிகைக்குச் சொந்தம் என்பது அங்கே விதி. அதை அவரும் அறிவார், நானும் அறிவேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரக்குதிரையின் பிடரிமயிரை வெகுநேரம் சீவினார். திரும்பியபோது என் கை காலியாக இருந்தது. தகரக் காரையும் எடுத்து என் பையில் போட்டார், "இது உங்க டெனிஸுக்கே போகட்டும்" என்று. நாளை அவன் கல்லறையில் வைத்துவிட்டு வருவேன்.

படம் அங்கேயே இருக்கும். புது அட்டை எழுதிவிட்டார்: 'ஆர்தரின் உடுப்பில் கிளிஃபர்ட் பூத். உடம்பு சரியில்லாத தம்பி டெனிஸுக்குப் பதிலாக.' மூன்று பையன்களும் இருக்கிறார்கள். நான் கிளம்பும்போது ஒரு தாத்தா அதைப் படித்துவிட்டு, "தம்பிக்கு அப்புறம் சரியாயிடுச்சா?" என்று கேட்டார். மிஸ் ஆம்ப்ளர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்.

இப்போது மேசைமேல் விளக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், இருமாமல். பிடரியை மட்டுமே பார்த்தவள் நான். என் அண்ணன் இன்றைக்குத்தான் என் பக்கம் திரும்பியிருக்கிறான், ஒரே ஒரு பல்லோடு.

மீதி முகத்தை உன்னிடம்தான் பார்க்க வேண்டும். ஒரே அச்சு என்று அம்மா சொன்னது பொய்யாக இருக்காது. விட்சன் பண்டிகைக்கு வந்துவிடு, அண்ணா.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் உன் தங்கை,
வின்னி